நெல்லிக்கனியும் பாகின் பக்குவமும்

கனி மரத்தில் நிற்பது சில மாதங்களே. நோயும் மூப்புமோ பருவம் பார்த்து வருவதில்லை. ஆகவே, கிடைக்கும் காலத்தில் பறித்த கனியைக் கிடைக்காத காலத்திற்கும் காத்து வைக்கும் வழியை நம் பண்டைய வைத்தியர்கள் ஆராய்ந்து கண்டனர். அதற்குச் சிறந்த உதாரணம் சியவனப்பிராசம் என்னும் நெல்லிக்கனி லேகியமாகும்.

முதுமையால் தளர்ந்த சியவன மஹரிஷி அசுவினி தேவர்களின் அருளால் தடாகத்தில் மூழ்கி இளமை பெற்றதை ஸ்ரீமத் பாகவதம் ஒன்பதாம் ஸ்கந்தம் கூறுகிறது. சரக சம்ஹிதையோ, அவர் இந்த லேகியத்தை உண்டு இளமை எய்தினார் என்கிறது.

அந்நூல் காட்டும் முறையாவது: மூலிகைகளுடன் 500 நெல்லிக்கனிகளை நீரில் வேகவைத்துக் கொட்டை நீக்க வேண்டும். சதையை நெய்யும் எண்ணெயுமாக 12 பலத்தில் வதக்க வேண்டும். பின்னர் மத்ஸ்யண்டிகை என்னும் சர்க்கரையை 50 பலம் சேர்த்து லேகியமாகக் கிளற வேண்டும். இறக்கி ஆறிய பிறகே தேன் 6 பலம் சேர்க்க வேண்டும்.

இவ்விதிகள் ஒவ்வொன்றிற்கும் காரணம் உண்டு. கனியைக் கெடுப்பது அதிலுள்ள நீரே. வதக்குவதால் நீர் வற்றுகிறது. எஞ்சிய நீரைச் சர்க்கரை தன்பால் ஈர்த்துப் பிடித்துக்கொள்வதால் பூஞ்சணம் வளர இடமில்லாமற் போகிறது. நெல்லியின் இயற்கைப் புளிப்பும் இதற்குத் துணை நிற்கிறது. தேனைச் சூடாக்கலாகாது என்பது ஆயுர்வேத நியமம். சூட்டினால் அதன் மணமும் குன்றும்.

மீன் முட்டை போன்ற மணிகளாக இருப்பது மத்ஸ்யண்டிகை. அதனினும் தூயது கண்டம். அதனினும் தூயது சர்க்கரை என்று சரகர் வரிசைப்படுத்துகிறார். இக்கண்டமே தமிழில் கற்கண்டாயிற்று. பாரசீகம், அராபியம் வழியே சென்று ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆயிற்று.

பாகம் முதிர்ந்ததை அறிவது எங்ஙனம்? சார்ங்கதர சம்ஹிதை சில அடையாளங்கள் கூறுகிறது. லேகியம் விரலிடையே நூலாக இழுபட வேண்டும். நீரிலிட்டால் அமிழ வேண்டும். பரவாமல் நிலைத்து நிற்க வேண்டும். அழுத்தினால் விரல் ரேகை பதிய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நீர் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அவசரப்பட்டு இறக்கினால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பூத்து, ஒரு பருவத்துக் கனி முழுதும் வீணாகும். இல்லத்தில் லேகியம் கிளறும் அன்பர்கள் இவ்வடையாளங்களை மனத்திற்கொண்டு, ஈரமற்ற பாத்திரத்தில் வைத்து, ஈரமற்ற கரண்டியாலேயே எடுத்தல் வேண்டும்.

லேகியத்தின் வீரியம் ஓராண்டிற்குப் பின் குறையும் என்றும் அந்நூல் வரையறுக்கிறது. ஓராண்டு என்பது நெல்லி மறுபடி காய்ப்பதற்கு ஆகும் காலமே அன்றோ! ஒரு பருவத்தில் எம்பெருமான் அளித்த கனி அடுத்த பருவம் வரை பிணியாளருக்கு உதவுமாறு காத்தளிப்பதே, அடுப்பின் அருகில் பொறுமையுடன் நிற்பவர் செய்யும் கைங்கரியமாகும்.