கண்ணை மூடச் சொல்லாதே

அன்புள்ள கயல்,

எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் மனப்பயிற்சி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்காகத் தியான மணிச் சத்தத்தைப் போனில் இறக்கி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். மணி இருக்கட்டும். ஆனால் பெரிதாக எதையும் எதிர்பார்த்துக்கொண்டு வகுப்புக்குள் போகாதே.

பிரிட்டனில் 'மிரியட்' என்றொரு ஆய்வு நடந்து 2022-ல் முடிவுகள் வந்தன. 85 பள்ளிகள், 11 முதல் 14 வயது வரை 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒரு பகுதிப் பள்ளிகளில் மனக்கவனப் பாடம் நடந்தது, மற்றவற்றில் வழக்கமான வகுப்புகளே தொடர்ந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தால், பிள்ளைகளின் மனநலத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பெரும்பாலானவர்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லையாம். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் செய்துவிடுமா? பலன் கொஞ்சம் தெரிந்தது ஆசிரியர்களிடம்தான். பயிற்சி முடிந்த கையோடு அவர்களுடைய பணிச்சோர்வு குறைந்திருந்தது. அதனால் முதலில் நீ பழகு. ஸ்டாஃப் ரூமில் எரிந்து விழுந்துவிட்டு வந்து வகுப்பில் அமைதியைப் பற்றிப் பேசினால், அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடு, தப்பில்லை. உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது தணியும். அதனால்தான் விடுகிற மூச்சை நீளமாக்கச் சொல்கிறோம்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடு. காரணத்தைச் சொல்லிவிட்டுச் செய்யச் சொன்னால் எட்டாம் வகுப்பு கேட்கும். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கச் சொல், அறிவியல் வகுப்பு மாதிரி ஆகிவிடும். ஆனால் கண்ணை மூடு என்று யாரையும் வற்புறுத்தாதே. வீட்டில் அடியும் சண்டையும் பார்த்த பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அதுவே முன்னால் வந்து நிற்கலாம். வீசிங் உள்ள பிள்ளைக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டலாம். அப்படிப்பட்டவர்கள் தரையில் பதிந்திருக்கும் பாதத்தைக் கவனிக்கட்டும், ஜன்னல் வழியே தெரியும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பேசிய குற்றத்துக்கு ஐந்து நிமிடம் தியானம் என்று தண்டனையாக மட்டும் ஆக்கிவிடாதே. அப்புறம் ஆயுளுக்கும் அதைத் தொடமாட்டார்கள்.

என்னைக் கேட்டால், மூச்சைவிட முக்கியம் பேச்சு. "கடுப்பாயிருக்கு மிஸ்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். அதைத் திருத்தாதே, அதிலிருந்தே தொடங்கு. அது கோபமா, அவமானமா, பொறாமையா, பயமா, இல்லை வெறும் பசியா? எது என்று தெரிந்தால்தான் என்ன செய்யலாம் என்று தெரியும். பசி என்று தெரிந்தால் மூச்சை எண்ணச் சொல்லாதே, சாப்பாட்டுக்கு வழி பண்ணு. காலையில் வெறும் வயிற்றோடு வருபவனையும், பின்பெஞ்சில் கேலிக்கு ஆளாகிறவளையும் 'பொறுத்துக்கொள்ளப் பழகு' என்று உட்கார வைப்பது அநியாயம். கேலி செய்கிறவனைப் போய்ப் பிடி.

'யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்' என்று ஒருத்தி வந்து நின்றால், சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. உயிருக்கு ஆபத்தான பேச்சு என்றால் தனியாகச் சுமக்காதே, தலைமையாசிரியரிடம் சொல். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்; குழந்தைகளுக்கு உதவி எண் 1098 இருக்கிறது. இரண்டு எண்களையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வை. யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை கணக்குத் தேர்வு என்றாயே, அன்று காலையில் போய் மூச்சுப் பயிற்சியைத் தொடங்காதே. பதற்றத்தின் நடுவே புதிதாக ஒன்றைப் பழக முடியாது, நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொள்ள முடியாத மாதிரி. தேர்வு முடிந்து, விளையாட்டுப் பீரியடுக்குப் பிறகு எல்லோரும் சிரித்துக்கொண்டு வருவார்களே, அப்போது இரண்டே நிமிடம் செய்து பார். எப்படிப் போனதென்று எழுது.

அன்புடன்,
பெரியம்மா