நகச்சொத்தை: அறிவோம், அகற்றுவோம்

பால்மரத்தைப் பேணுவோர் வெண்வேர் நோயை நன்கு அறிவர். மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய அடிக்கட்டையில் தங்கும் பூசணம், வேரோடு வேர் தொடும் இடத்தில் அடுத்த மரத்தையும் பற்றுகிறது. இலை நிறம் மாறிய பின்னரே நோய் நம் கண்ணுக்குப் புலனாகிறது. மனிதரின் கால் நகத்திலும் இவ்வாறே ஒருவகைப் பூசணம் மறைந்து வளர்கிறது. அதனால் உண்டாகும் நோயே நகச்சொத்தை.

அடையாளங்கள்

பெரும்பாலும் பெருவிரல் நகத்தின் நுனியிலோ ஓரத்திலோ நோய் தொடங்கும். நகம் வெண்மையாகவோ மஞ்சளாகவோ மாறும். பின்னர் தடித்து, எளிதில் பொடிந்து, சதையைவிட்டுக் கிளம்பும். தொடக்கத்தில் வலி இராது. ஆகவே பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

பற்றும் வழி

இந்நோயைப் பெரிதும் உண்டாக்கும் பூசணத்தின் பெயர் டிரைக்கோபைட்டன் ரூப்ரம். இலங்கையில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1910ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். வெப்ப நாடுகளில் உடம்பில் படர்தாமரையாக இருந்துவந்த இப்பூசணம், மூடிய காலணி அணியும் வழக்கம் பரவிய பின்னரே பாதத்தையும் நகத்தையும் இருப்பிடமாக்கிக் கொண்டது என்பர் ஆராய்ச்சியாளர்.

ஈப்போ, கோலகங்சார், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ரப்பர்க் காலணி மட்டும் மாறவில்லை. பனி நனைந்த புல்லில் நடப்போரின் காலணிக்குள் ஈரமும் வெப்பமும் நிறைந்திருக்கும். பூசணத்துக்கு வேண்டியவை அவையே. ஆயினும் காலணியைக் கைவிடலாகாது. முள்ளும் பாம்பும் எலிக்காய்ச்சலும் அதனினும் கொடியவை.

சிகிச்சை

தடித்த நகங்களுள் ஏறத்தாழப் பாதியே பூசணத்தால் வந்தவை. ஆதலால் முதலில் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருத்துவர் நகத்துணுக்கைச் சோதிக்கச் செய்வார். தேவையாயின் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்.

நோய் சிறிதாயின் நகத்தில் பூசும் மருந்தே போதுமானதாகலாம். மிகுதியாயின் டெர்பினாபின் மாத்திரையை நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் உட்கொள்ள நேரலாம். கல்லீரல் நோயுள்ளோர்க்கு இம்மருந்து ஆகாது. எனவே மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தே கொடுப்பார். தாமே வாங்கி உண்பது ஆபத்து.

கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே வளரும். பெருவிரல் நகம் முழுதும் புதிதாக 12 முதல் 18 மாதம் ஆகும். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரக் காத்திருக்கும் நமக்கு இந்தப் பொறுமை புதிதன்று. பயனில்லை என்று மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். பாலை உறையவைக்கும் அமிலத்தை நகத்தில் ஊற்றுவதும், கத்தியால் சுரண்டுவதும் கூடவே கூடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு. பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்குத் தடித்த நகம் அழுத்திப் புண்ணானாலும் தெரியாது. அப்புண் சீழ்பிடித்து முற்றினால் காலையே இழக்க நேரிடும்.

தடுக்கும் முறைகள்

1. வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை நன்கு துடையுங்கள்.
2. காலுறையை நாள்தோறும் மாற்றுங்கள். காலணியை வெயிலில் உலர்த்துங்கள். இயன்றால் இரண்டு சோடி வைத்து மாற்றி அணியுங்கள்.
3. சேற்றுப்புண்ணை உடனே குணப்படுத்துங்கள். அதுவே நகத்துக்குப் பரவும்.
4. நகவெட்டி, துவாலை, காலணி ஆகியவற்றைப் பிறரோடு பகிராதீர்கள்.
5. பொதுக் குளியலறையில் செருப்பு அணியுங்கள்.

படிக்கும் பிள்ளைகள் இப்பாடத்தை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டி, இன்றிரவே அவர்களுடைய கால் நகங்களைப் பார்ப்பார்களாக.