பாக்கெட்டில் இருப்பது யார் ஊர் ஜூன்?

கேள்வி: மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சியில் பான்சியைப் பார்த்ததிலிருந்து அதன் மேல் ஆசை. ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டு விதைப் பாக்கெட்டில் ஜூன், ஜூலையில் விதைக்கச் சொல்லியிருந்தது. அப்படியே மொட்டைமாடியில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை மோசமா, இல்லை இந்த ஊரில் பான்சி வரவே வராதா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: விதை மேல் பழி போடாதீர்கள். பாக்கெட்டில் இருப்பது இங்கிலாந்து மாதிரி ஊரின் ஜூன். மாதத்தை மறந்துவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். பான்சி விதை 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் நன்றாக முளைக்கும். 25ஐத் தாண்டினால் முளைப்பு குறையும். 30க்கு மேல் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். ஜூன் பகலில் அம்பத்தூர் 38ஐத் தொடும். மொட்டைமாடித் தொட்டி மண்ணின் சூடு அதற்கும் மேலே.

ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மே மாதப் பகலிலும் 23 டிகிரி அளவில்தான் இருக்கும். அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவில் கண்காட்சிக்குப் பல மாதம் முன்பே விதைத்துத் தொட்டிகளில் வளர்த்துவிடுவார்கள். டெல்லிக்காரர்கள் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் பூப் பார்க்கிறார்கள்.

நமக்கு அப்படிப்பட்ட குளிர் கிடைப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான். அதிலும் உங்களுக்கு ஒரு யோகம்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால், ஜனவரி இரவுகளில் மெரினா பக்கத்தைவிட இங்கே குளிர் கூடுதல். பான்சிக்கு அந்த இரவுதான் முக்கியம்.

விதைத்துப் பூப்பதற்கு மூன்று மாதம் வரை ஆகும். ஆகவே அக்டோபர் நடுவில் விதைக்க வேண்டும். அப்போதும் வெளியே சூடுதானே என்பீர்கள். அதனால்தான் முளைக்கும்வரை விதைத் தட்டை ஏசி அறையில் வைக்கச் சொல்கிறேன். இதற்கென்று தனியாக ஏசி போட வேண்டாம், நீங்கள் தூங்கும் அறையே போதும். பகலில் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலைக்கு மாற்றுங்கள். குழித்தட்டில் ஈரமான கோகோபீட் நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு மெல்லிசாக மூடுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டாம், கட்டிலடியிலும் வைக்கலாம். இரண்டு வாரத்துக்குள் முளை காட்டும். கண்ணில் பட்ட அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும்.

அடுத்த எதிரி வடகிழக்குப் பருவமழை. நாற்றழுகல் வந்தால் தண்டு அடியில் கறுத்து, ஒரே இரவில் தட்டு காலி. கூரைக்கு அடியில், காற்றோட்டமாக வையுங்கள். மேல்பகுதி லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர். கோகோபீட்டில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி சேர்ப்பது நல்லது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும்; நாற்றைத் தரையில் வைக்கவே வேண்டாம். அதே மழையைக் குடத்தில் பிடித்து ஊற்றுங்கள். பான்சிக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் பிடிக்கும். உப்பான போர் தண்ணீரில் இலை மஞ்சளாகும்.

ஏழெட்டு இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். காலை வெயில் மட்டும் படட்டும். வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் புதிது வரும். மார்ச் பிறந்தால் செடி துவண்டுவிடும்; காப்பாற்றப் போராடாமல் பிடுங்கிவிட்டுக் கத்தரி வையுங்கள். முதல் முறைக்கு, பூ சிறிதான வயோலா இன்னும் உத்தமம். பான்சியின் சொந்தம்தான், சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

கேள்வி: பூத்த செடியிலிருந்தே அடுத்த வருஷத்துக்கு விதை எடுக்கலாமா?
– வாசகர், பூந்தமல்லி

பதில்: எடுக்கலாம். காய் நிமிர்ந்து வெளிறும்போதே பறித்துக் காகித உறையில் போடுங்கள், இல்லாவிட்டால் வெடித்துச் சிதறிவிடும். ஆனால் கடையில் விற்பதில் பெரும்பாலானவை எஃப்1 கலப்பின விதைகள். தாய்ச் செடியின் நிறமும் அளவும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பத்திரமாக வைக்க, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சமையலறை அலமாரியில் வைத்த விதை ஏப்ரல், மே வெயிலைத் தாண்டாது.