அணு உலையின் திறனைக் கூட்ட வந்திருக்கும் இளையவர்களுக்கு

தம்பி தங்கைகளே, ஓடிக்கொண்டிருக்கும் உலையிலிருந்து கூடுதல் மின்சாரம் எடுப்பது நல்ல பணி. ஆனால் கூடும் ஒவ்வொரு மெகாவாட்டும் ஏதோ ஒரு மார்ஜினிலிருந்துதான் வருகிறது. எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் எடுக்காதீர்கள்.

1. முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். ஊட்டுநீரின் ஓட்டத்தையும் வெப்பநிலையையும் வைத்தே உலையின் வெப்பத்திறனைக் கணக்கிடுகிறோம். அதில் பிழை இருக்கும் என்று அமெரிக்காவில் 2 சதவீதத்தை விதியாகவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். துல்லியமான அல்ட்ராசோனிக் மீட்டர்கள் வந்தபின், 2000-இல் அந்த விதியைத் திருத்தினார்கள். ஒதுக்கியதில் பெரும்பகுதி மின்சாரமாகக் கிடைத்தது.

2. எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை உணருங்கள். பழைய வடிவமைப்பு ஏறக்குறைய 7 சதவீதம் வரை தாங்கலாம். 20 வரை போக வேண்டுமானால் டர்பைன், பம்பு, ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டிவரும்.

3. உலையை மட்டும் பார்க்காதீர்கள். இல்லினாய் மாநிலத்தின் குவாட் சிட்டீஸ் நிலையம் 2001 டிசம்பரில் சுமார் 18 சதவீதம் கூட்ட அனுமதி பெற்றது. 2002-இலும் 2003-இலும் அதன் 2-ஆம் உலையின் நீராவி உலர்த்தி சேதமடைந்தது. நீராவியின் வேகம் கூடியதால், குழலில் ஊதியதுபோல வால்வுகளின் கிளைக்குழாய்களில் ஒலியதிர்வு எழுந்து உலர்த்தியை உலுக்கியிருந்தது.

4. குழாய்களின் தடிமனை அளந்துகொண்டே இருங்கள். ஓட்டம் கூடினால் தேய்மானமும் கூடலாம். 2004-இல் ஜப்பானின் மிஹாமா நிலையத்தில், பல ஆண்டுகளாகச் சோதிக்காமல் விட்ட குழாய் தேய்ந்து வெடித்து 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே திறனைக் கூட்டியிருக்கவில்லை. அப்படியிருந்தும் அது நடந்தது.

5. இறக்க வேண்டிய நேரத்தில் இறக்குங்கள். கல்பாக்கத்தின் இரு உலைகளிலும் 1980களின் கடைசியில் கனநீர் உள்ளே வரும் மேனிஃபோல்டு பழுதானது. திறனை 170 மெகாவாட்டுக்கு இறக்கி, பத்தாண்டுகளுக்கு மேல் பொறுமையாக ஓட்டினார்கள். குளிர்விப்புக் குழாய்களை மொத்தமாக மாற்றி, கனநீருக்கு வேறு வழி அமைத்தபிறகே 220-க்கு ஏற்றினார்கள். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

6. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களைக் கேளுங்கள். உலை நின்றபிறகும் எரிபொருளில் எஞ்சும் வெப்பம், திறன் கூடினால் தானும் கூடும். விபத்து நேர்ந்தால் ஆபரேட்டருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் குறையும். அவர்களை முன்பே சிமுலேட்டரில் பழக்குங்கள். நேரம் போதவில்லை என்று அவர்கள் சொன்னால், அந்த மெகாவாட் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.