அம்பாசடருக்கு ஐடிலிங்கில் டைமிங் வைக்கும்போது

பாயிண்ட் வைத்த 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். டைமிங் தவறியிருக்கும்போது கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் வண்டி சீராகாது.

1. முதலில் பாயிண்ட் இடைவெளியைப் பாருங்கள். ஃபீலர் கேஜில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கட்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங்கும் முன்னால் போய்விடும். டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

2. எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். சோக் முழுக்க உள்ளே இருக்கட்டும்.

3. கிராங்க் புல்லியின் வெட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸ் தடவுங்கள்.

4. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் டியூபைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து முனையை அடைத்துவிடுங்கள். ஐடிலிங் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலே அது இழுக்கத் தொடங்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் அப்படித்தான். வேகம் ஏறினால் விரிந்து டைமிங்கை முன்னால் தள்ளும். அதனால் ஐடிலிங்கை 600 சுற்று அளவுக்கு இறக்கிவிட்டே பார்க்க வேண்டும். வேகமாக ஓடும் எஞ்சினில் வைத்த டைமிங்கை நம்பாதீர்கள்.

5. டைமிங் லைட்டின் கிளிப்பை ரேடியேட்டரை ஒட்டிய முதல் பிளக் வயரில் மாட்டுங்கள். அந்த வெளிச்சத்தில் ஓடும் புல்லி நின்றதுபோல் தெரியும். ஃபேனும் மெல்லச் சுற்றுவதுபோல் ஏமாற்றும். துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. தயவுசெய்து இதில் அசட்டை வேண்டாம்.

6. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை இலேசாகத் தளர்த்தி, வெட்டு மேனுவல் சொல்லும் குறிக்கு நேராக வரும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னேறும். அங்கே 1 டிகிரி நகர்ந்தால் கிராங்கில் அது 2 டிகிரி. போல்ட்டை இறுக்கியதும் மறுபடி பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும்.

7. குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருக்கலாம், டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் டைமிங் நிற்காது.

8. டாப் கியரில் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். நாக்கிங் கேட்டால் ஓரிரு டிகிரி பின்னால் தள்ளுங்கள். இழுவையே இல்லாமல் எஞ்சின் சூடேறினால் டைமிங் மிகவும் பின்னால் இருக்கிறது.

9. வண்டியை எடுக்கும் முன் வேக்குவம் டியூபைத் திரும்ப மாட்டிவிடுங்கள். ஐடிலிங்கில் வித்தியாசம் தெரியாததால் மறந்துபோவது சுலபம். மறந்தால் மைலேஜ் குறையும்.