பிறருக்காகப் பேசுவோரின் மகிழ்ச்சி

பிறருக்காகப் பரிந்து பேச முன்வருவோர் பெரும்பாலும் ஆர்வத்தோடுதான் தொடங்குகின்றனர். கந்தோர் வாசலில் காத்து நிற்பதும், மனுக்கள் எழுதிக் கொடுப்பதும், கூட்டங்களில் எழுந்து பேசுவதும் முதலில் அவர்களுக்குப் பாரமாகத் தெரிவதில்லை. நாலைந்து வருடங்கள் செல்ல முகம் கறுக்கிறது, சொல் கடுக்கிறது. ஒத்துழையாதவர்களைப் பழிக்கத் தொடங்கி, ஈற்றில் எந்த ஏழைகளுக்காகப் புறப்பட்டார்களோ அந்த ஏழைகள் மீதே எரிந்து விழுகின்றனர். எதிரிகளால் அழிந்த நற்பணிகளிலும் பார்க்க இவ்வாறு அழிந்தவை அதிகமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இதற்கு மாற்று வழி உண்டா என அறிய, அமெரிக்க நாட்டில் நாற்பத்தேழு ஆண்டுகள் ஏழைகளுக்காகவும் சமாதானத்துக்காகவும் குரல் கொடுத்த டொறத்தி டே என்னும் பெண்மணியின் வாழ்வை இவ்வாரம் ஆராய்வோம்.

1897இல் புறூக்ளினில் பிறந்த டொறத்தி, பத்திரிகைத் தொழில் செய்துவந்து, 1927இல் கத்தோலிக்க மறையைத் தழுவியவர். வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டை வாட்டிய 1933ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி, பீற்றர் மோறின் என்ற பிரெஞ்சுக் குடியானவரோடு சேர்ந்து, கத்தோலிக்கத் தொழிலாளி எனப் பொருள்படும் ‘கத்தலிக் வேர்க்கர்’ பத்திரிகையை நியூயோர்க் நகரில் வெளியிட்டார். முதல் இதழில் 2,500 பிரதிகள். விலை ஒரு சதம். பசித்தோரும் வீடற்றோரும் தேடி வரவே, அவர்களுக்குச் சூப்பும் பாணும் படுக்கையும் கொடுக்கும் விருந்தோம்பல் இல்லங்கள் நகரந்தோறும் எழுந்தன.

சோதனையும் வந்தது. 1941இல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது, யுத்தம் எதுவாயினும் கிறிஸ்தவனுக்கு ஆகாது என்ற தம் கொள்கையை டொறத்தி விட்டுக்கொடுக்கவில்லை. வாசகர் பலர் பத்திரிகையைக் கைவிட்டனர். கூட இருந்த இளைஞர் சிதறினர். இல்லங்கள் பல மூடப்பட்டன. 1943இல் அவர் செய்த காரியம் நம்மவருக்கு வியப்பாயிருக்கலாம்: ஓராண்டு விலகியிருக்கத் தீர்மானித்து, பத்திரிகைப் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்து, செபத்துக்கும் தனிமைக்கும் சென்றார். ஏறக்குறைய அரை ஆண்டில் திரும்பியும் வந்தார்.

இங்கே எலியா தீர்க்கதரிசியை நினைக்கிறோம் (1 அரசர், 19ஆம் அதிகாரம்). வனாந்தரத்தில் ஒரு செடியின்கீழ்ப் படுத்து, இனிப் போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று இறைவனை வேண்டினார் எலியா. வந்த தூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பத்தையும் தண்ணீரையும் வைத்தார். மறுபடி தூங்க விட்டார். மீண்டும் எழுப்பி உண்ணச் சொன்னார். புதுப் பணி ஓரேபு மலையில் பிறகுதான் வருகிறது. எலிசேயு என்ற துணையாளும் அதனோடு வருகிறார். உடலைப் பேணாமல் ஆவியை மட்டும் தூண்டிக்கொண்டிருக்கும் நமது உபதேசங்களுக்கு இது நல்ல பாடம்.

டொறத்தி ஒய்வெடுத்தது அந்த ஒருமுறை மாத்திரமன்று. நாள்தோறும் பூசை காண்பார். திருப்புகழ்மாலைச் சங்கீதங்களைச் செபிப்பார். மௌனத் தியானங்களுக்குச் செல்வார். ஸ்ரேற்றன் தீவுக் கடற்கரையில் உலாவுவார். தொஸ்தோயெவ்ஸ்கியின் நாவல்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். சனிக்கிழமை பிற்பகலில் வானொலியில் ஒப்பெரா இசைநாடகம் கேட்பார். மகிழ்ந்திருப்பதும் ஒரு கடமை எனப் பொருள்படும் சொற்றொடர் ஒன்றை ஆங்கில எழுத்தாளர் ஜோன் ரஸ்கினிடமிருந்து பெற்று, அதைத் தமக்குத் தாமே அடிக்கடி நினைவூட்டிக்கொண்டார். 2008இல் வெளிவந்த அவரது நாட்குறிப்புக்கு அதுவே தலைப்பாயிற்று. கடமை என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருந்தவரல்லர். நாட்குறிப்பில் தமது பொறுமையின்மையையும் தனிமையையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சந்தோஷம் தானாக வராத நாட்களுக்காகவே அதைக் கடமையாக வைத்துக்கொண்டார்.

பசித்தவன் வாசலில் நிற்கையில் இசை கேட்பது தகுமோ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சோம்பலும் ஓய்வு என்ற பெயரில் வரக்கூடியதே. ஓய்ந்தவர் மறுநாள் சூப் சட்டியண்டை திரும்பி வந்தாரா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. மனந்திரும்பிய புதிதில் ஒரு குருவானவர் கொடுத்த அர்ச். குழந்தை தெரேசம்மாளின் சுயசரிதை டொறத்திக்குச் சப்பென்றிருந்தது. அதே தெரேசம்மாளைப் பற்றி 1960இல் தாமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார்! சிறு செயலை அன்போடு செய்து, பலனைத் தேவனிடம் விடும் அச்சிறு வழி அவரைத் தாங்கியது. 1955இல் நியூயோர்க்கில் அணுகுண்டுத் தாக்குதலுக்கான ஒத்திகை நடந்தபோது, பாதுகாப்பிடத்துக்கு ஓட மறுத்து ஒரு சிறு கூட்டத்தோடு பூங்காவில் அமர்ந்து கைதானார். அடுத்தடுத்த வருடங்களிலும் அப்படியே செய்தார். 1957இல் முப்பது நாள் சிறைத்தண்டனை. 1961இல் அங்கே மறுத்து நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். அதன்பின் ஒத்திகை கைவிடப்பட்டது. முதல் வருடத்துப் பலனை எண்ணியிருந்தால் இரண்டாம் வருடம் யார் போயிருப்பார்?

1973இல், எழுபத்தைந்து வயதில், கலிபோர்ணியாவில் சேசார் சாவேஸின் தோட்டத் தொழிலாளருக்காக மறியலில் அமர்ந்து கடைசித் தடவையாகச் சிறை சென்றார். 1980 நவம்பர் 29ஆம் திகதி காலமானார். அவரைப் புனிதராக்கும் முயற்சிக்கு 2000இல் உரோமை அனுமதி வழங்கியது.

உங்கள் வீட்டிலும் ஊருக்காக அலையும் ஒருவர் இருக்கக்கூடும். மாலையில் அவர் திரும்பி வரும்போது மனு என்னவாயிற்று என்று கேட்குமுன் தேநீரைக் கொடுங்கள். ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளோடு இருக்க அவரை விடுங்கள். அந்த நேரத்தில் வருகிறவர்களுக்கு நாளைக்கு வரும்படி நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை கந்தோர் வரிசையில் நிற்க அவருக்குப் பதிலாக உங்களில் ஒருவர் போகலாமா என்றும் வீட்டில் கதைத்துப் பாருங்கள்.