தேயிலை மலையில் பிசின் கிடைக்குமா?

கேள்வி: ஊரில் கருவேலம்பிசின் பொறுக்கிய கதையைப் பாட்டி அடிக்கடி சொல்வார். எங்கள் கேமரன் மலைக் காட்டிலும் அது கிடைக்குமா?
(ஒரு வாசகி, ரிங்லெட்)

பதில்: கிடைக்காது. கருவேலம் வறண்ட நிலத்து மரம். வெயிலில் பட்டை வெடித்துப் பிசின் கசிந்து உறையும். உங்களுடையதோ மழைக்காடு. ஆனால் மலேசியத் தாழ்நிலக் காடுகளில் வேறு சரக்கு உண்டு: டாமார் பிசின், ஜெலுத்தோங், கெத்தா பெர்ச்சா மரங்களின் பால். வேலம்பிசின் தண்ணீரில் கரையும், டாமார் கரையாது. அதனால்தான் படகின் இடுக்குகளை அடைக்க உதவியது. ஜெலுத்தோங் பால் சூயிங்கத்துக்குப் போனது. கெத்தா பெர்ச்சா கதைதான் கொடுமை. 1851இல் ஆங்கிலக் கால்வாயில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ரப்பர் மரத்துக்கு வாய்த்த கீறல்கூட அதற்கு வாய்க்கவில்லை. இன்று அரசுக் காட்டில் இவற்றை எடுக்க, 1984ஆம் ஆண்டு வனச் சட்டப்படி உரிமம் வேண்டும். பாட்டிக்குப் பிசின் வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள்.